கொடைக்கானல் பார்த்த ஆண்டெனா: தூர்தர்ஷன் நம்ம டிவியா, டெல்லி டிவியா?

சென்னிமலை தறிக்காரன்:
மாடியில் இருபதடிப் பைப்போடு நின்ற பழைய ஆண்டெனாவைப் போன வாரம் இறக்கினேன். பாதிக் குச்சியைக் காக்கா உட்கார்ந்தே வளைத்திருந்தது. போட்டோவைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதும் ஆளாளுக்கு ஒரே உருக்கம். வெள்ளிக்கிழமைப் பாட்டு நிகழ்ச்சி ஒளியும் ஒலியும், ஞாயிறு சாயங்காலப் படம், சுழன்று வரும் அந்தக் கண் சின்னம், ஷெனாய். எனக்கு அப்படி ஒன்றும் உருகவில்லை.

தூர்தர்ஷன் டெல்லியில் 1959 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15-இல். 1984-இல் நாடெங்கும் ஊருக்கு ஊர் சின்ன டவர் போட்டார்கள், சரி. ஆனால் அவை இன்சாட் 1பி செயற்கைக்கோள் வழியாக டெல்லி நிகழ்ச்சியை இறக்கி அப்படியே விட்டவை. சாலிடேர் டிவி வாங்கி வைத்து வீடே இந்தியை வெறித்துக் கொண்டிருந்தோம். கொடைக்கானல் டவர் வந்தபிறகுதான் ஆண்டெனாவைத் தெற்கே திருப்பி, பூஸ்டர் மாட்டி, நான் மாடியிலிருந்து "வருதா?" என்று கத்த, கீழே தங்கச்சி "புள்ளி புள்ளியா வருது" என்று கத்த, தமிழைப் பிடித்தோம். நாம் தேடிப்போய்ப் பிடித்ததை அவர்கள் கொடுத்ததாக ஏன் பாராட்ட வேண்டும்?

கோபி வாய்க்கால்:
ஏனுங்க, வறட்டுக் கணக்காப் போடறீங்களே. டிவியைப் பாட்டுப் பெட்டியாக மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1967-இலேயே டெல்லியைச் சுற்றி 80 கிராமங்களுக்கு விவசாய நிகழ்ச்சி தொடங்கிவிட்டார்கள். 1975-76-இல் அமெரிக்கச் செயற்கைக்கோளை இரவல் வாங்கி ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் காட்டினார்கள். அதில் தமிழ்நாடு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்த வியாபாரி இதைச் செய்திருப்பான்?

எங்க அப்பாருக்கு எழுத்து தடுமாறும். வயலும் வாழ்வும் ஓடும்போது பக்கத்தில் நான் பென்சிலோடு உட்கார வேண்டும். மஞ்சள் விதைக்கிழங்கை மருந்துத் தண்ணீரில் நனைத்து நடச் சொன்னதை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி, அதை மடித்துத் தலைப்பாகைக்குள் செருகிக்கொண்டு காட்டுக்குப் போவார். அந்த நிகழ்ச்சிக்கு என்ன ரேட்டிங் வந்திருக்கும்?

சென்னிமலை தறிக்காரன்:
விவசாயத்தை விட்டுக்கொடுக்கிறேன். செய்திக்கு வாருங்கள். 1976 ஏப்ரலில் தூர்தர்ஷனை வானொலியிலிருந்து பிரித்துத் தனித் துறையாக்கினார்கள். அப்போது நெருக்கடி நிலை. 1977 பிப்ரவரியில் டெல்லியில் எதிர்க்கட்சிக் கூட்டம் நடந்த மாலையில், ஜனங்கள் வீட்டோடு இருக்கட்டும் என்று நல்ல காதல் படமாகப் பார்த்துப் போட்டதாக இன்றைக்கும் சொல்கிறார்கள். வானொலியையும் டிவியையும் அரசாங்கத்துப் பிடியிலிருந்து எடுங்கள் என்று, அரசே அமைத்த வர்கீஸ் குழு 1978-இல் சொன்னது. அதற்கான பிரசார் பாரதி சட்டம் வந்தது 1990-இல். அது நடைமுறைக்கு வந்தது எப்போது? 1997-இல். ஏழு வருஷம் சட்டத்தை அட்டாலியில் வைத்திருந்தவர்களை நம்ம ஆள் என்கிறீர்களா?

பல்லடம் நூல்காரர்:
அந்த ஏழு வருஷத்துக்குள்தான் 1993 ஏப்ரல் 14 வந்து போனது. சன் டிவி. எங்கள் தெருவில் கேபிள்காரர் ஒயரை வேப்பமரத்தில் கட்டி இழுத்தார். வெள்ளிக்கிழமைக்குக் காத்திருந்த பாட்டு நாள் பூராவும் வந்தது. அதோடு முடிந்தது உங்கள் தூர்தர்ஷன்.

ஆழியாறு:
அண்ணாக்களே, எல்லாரும் சொந்த டிவி வைத்திருந்த வீட்டுப் பேச்சாகவே பேசுகிறீர்கள்.

எங்கள் ஊரில் பஞ்சாயத்து டிவி ஒன்று இருந்தது. மரப்பெட்டி, முன்னால் இரண்டு கதவு, அதற்கு ஒரு பூட்டு. சாவி ஒருத்தர் இடுப்பில். அவர் கல்யாணத்துக்குப் போனால் அன்றைக்கு ஊருக்கே டிவி இல்லை. இராமாயணம் போட்ட 1987-இல் ஞாயிறு காலை மட்டும் தவறாமல் திறப்பார், சூடம்கூட ஏற்றுவார்கள். நாங்கள் கொஞ்சம் பேர் திண்ணைக்குக் கீழே, மண்ணில். ஏன் என்று கேட்காதீர்கள், தெரிந்ததுதான். முன்னால் இருப்பவர் தலை ஆடினால் அனுமார் தெரியமாட்டார்.

அதனால் கேபிளை நான் குறை சொல்லமாட்டேன். 2006-க்குப் பிறகு அரசு கலர் டிவி கொடுத்தபோதுதான் அம்மா முதன்முதலாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து படம் பார்த்தாள்.

கோபி வாய்க்கால்:
அம்மிணி சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தப் பூட்டைப் போட்டது ஊர்தானே, தூர்தர்ஷன் இல்லையே.

ஆழியாறு:
பூட்டு ஊருடையதுதான் அண்ணா. உள்ளே என்ன ஓட வேண்டும் என்பதற்கு இன்னொரு பூட்டு டெல்லியில் இருந்தது. அதைத்தான் தறிக்காரண்ணன் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

பல்லடம் நூல்காரர்:
ஞாயிறு மத்தியானம் மாநில மொழிப் படம் ஞாபகம் இருக்கிறதா? ஆங்கில எழுத்து வரிசைப்படி அஸ்ஸாமி, பெங்காலி என்று வரும். தமிழ் 'டி' எழுத்தில் மாட்டிக்கொண்டதால் நம்ம முறை வர மாதக்கணக்காகும். 😄

கோபி வாய்க்கால்:
நல்லா ஞாபகம் இருக்குதுங்க. அந்த வரிசையில்தான் பெங்காலிப் படமும் மலையாளப் படமும் நான் முதலில் பார்த்தேன். இப்போது 400 சேனல் இருக்கிறது, ஒரு அஸ்ஸாமிப் படம் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். அலைவரிசை பொதுச்சொத்து, அது அரசாங்கத்துக்கும் சொந்தமில்லை என்று 1995-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அரசிடமிருந்து பிடுங்கி யாரிடம் கொடுத்தோம்? முதலாளிகளிடம். தூர்தர்ஷனின் எதிரொலி நிகழ்ச்சியில் பார்வையாளர் திட்டி எழுதின கடிதத்தையும் வாசித்து, ஒருத்தர் உட்கார்ந்து பதில் சொன்னார். இன்றைக்கு எந்த சேனலுக்குக் கடிதம் போடுவீர்கள்?

சென்னிமலை தறிக்காரன்:
எதிரொலி நல்ல அடி, வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கடிதத்துக்குப் பதில் சொன்னார்களே தவிர மாறினார்களா? கடைசிவரை நமக்கு வந்த பதில் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டைதான். தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனல் பொதிகையை 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆக்கினார்கள். அதே வருஷம் ஏப்ரலில் செய்திச் சேனல் சின்னத்துக்குக் காவி நிறம். அக்டோபரில் சென்னை நிலையத்தின் இந்தி மாத விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தில் ஒரு வரியையே விட்டுவிட்டுப் பாடி, பிறகு வருத்தம் தெரிவித்தார்கள். மன்னிப்பு கேட்டதும் உண்மை. சாவி இன்னும் யார் இடுப்பில் என்பதுதான் என் கேள்வி.

பல்லடம் நூல்காரர்:
கேள்வியெல்லாம் சரிங்க. உங்கள் வீட்டில் இப்போது என்ன ஓடுகிறது?

சென்னிமலை தறிக்காரன்:
அதை ஏன் கேட்கிறீர்கள். மாசாமாசம் ரீசார்ஜ் ஏறிக்கொண்டே போகிறது என்று அம்மா டிடி ஃப்ரீ டிஷ் வைக்கச் சொல்கிறார். ஒருதரம் பெட்டியும் தட்டும் வாங்கினால் போதுமாம், சந்தா கிடையாதாம். கோபிக்காரரே, தட்டை எந்தத் திசையில் வைக்க வேண்டும்?

கோபி வாய்க்கால்:
வந்தீங்களா வழிக்கு! ஜிசாட்-15 செயற்கைக்கோள், கிழக்கே 93.5 டிகிரி. நம்ம பக்கம் தென்கிழக்கு முகமாக, நல்லா அண்ணாந்து பார்க்கிற மாதிரி வையுங்கள். தென்னை மட்டை குறுக்கே வரக்கூடாது. பழைய ஆண்டெனா பைப் நேராக இருந்தால் அடியில் நாலடி வெட்டி அதிலேயே மாட்டிவிடலாம், புதுசு வாங்காதீர்கள்.

சென்னிமலை தறிக்காரன்:
பைப்பை நேற்றுத்தான் பாகல் பந்தலுக்கு நட்டேன். கொடிகூட ஏற்றியாச்சுங்க.