ஆபரேஷன் தியேட்டரில் சுலபமாக மூச்சுக்குழாயில் விழுகிற டியூப், கேஷுவாலிட்டியில் ஏன் விழ மாட்டேன் என்கிறது?

இரண்டாம்வருட_பிஜி:
எமர்ஜென்சி மெடிசினில் மேற்படிப்பு (பிஜி) படிக்கிறேன். போன மாதம் அனஸ்தீசியா போஸ்டிங்கில் 42 டியூப் போட்டேன், இரண்டு தவிர எல்லாம் முதல் தடவையே. திரும்பி வந்த வாரமே பூச்சிமருந்து குடித்த ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சுரப்பை வற்றவைக்கிற அட்ரோபின் போய்க்கொண்டிருந்தும் வாய் நிறைய நுரை. குரல்வளையைப் பார்க்கிற லாரிங்கோஸ்கோப்பை விட்டால் வெறும் வெள்ளை. ஆக்சிஜன் சாச்சுரேஷன் 70. இரண்டாவது தடவையும் அதே கதை. கடைசியில் சீனியர்தான் போட்டார். நோயாளி பிழைத்துவிட்டார், எனக்குத்தான் ஸ்கோப்பைத் தொட்டாலே கை நடுங்குகிறது. வீடியோ ஸ்கோப் இருக்கிறது, பீரோவில். சாவி ராத்திரியில் வீட்டுக்குப் போய்விடும். பயிற்சிப் பொம்மையான மேனிக்கினுக்கு நாக்குக் கிழிந்து தொங்குகிறது. எதை வைத்துப் பழகுவது?

நைட்_டியூட்டி:
இன்னொரு மாதம் தியேட்டர் கேட்டு வாங்கு. நூறைத் தாண்டினால் தானாக வரும்.

கஞ்சி_டீச்சர்:
வராது. தியேட்டரில் படுத்திருப்பவர் ராத்திரியிலிருந்து பட்டினி. மேசையையும் உங்கள் உயரத்துக்கு ஏற்றித் தருவார்கள். நம்மிடம் வருகிறவர் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவார்.

தம்பி, சக்‌ஷனில் என்ன மாட்டியிருந்தீர்கள்? டியூபுக்குள் விடுகிற அந்த மெல்லிய கதீட்டர்தானே? அதை வைத்து நுரையை உறிஞ்சுவது ஸ்ட்ரா போட்டுக் கிணறு இறைக்கிற மாதிரி. யாங்கர் என்கிற தடித்த உறிஞ்சுகுழல் வேண்டும், தலையணைக்கு அடியில், ஓடிக்கொண்டே.

அந்தக் கிழிந்த மேனிக்கின் போதும். அதன் உணவுக்குழாயில் ஒரு குழாயைச் சொருகி, ஏர்கூலரில் இருக்கிற சின்ன மோட்டாரை வாளியில் போட்டு, நீர்த்த ரவைக் கஞ்சியை மேலே ஏற்றுங்கள். வாயில் பொங்கும். யாங்கர் முன்னால், ஸ்கோப்பின் பிளேடு பின்னால். குரல்வளை தெரிந்ததும் யாங்கரைப் பிளேடுக்கு இடதுபக்கம் மாற்றி உணவுக்குழாய் வாயிலேயே விட்டுவிட்டு டியூபைப் போடுங்கள். ஜிம் டுகாண்டோ என்கிற அமெரிக்க மயக்கவியல் மருத்துவரின் வித்தை இது. அவர் வைத்த பெயர் சாலட் (SALAD என்கிற ஆங்கிலச் சுருக்கம்), எங்கள் பிள்ளைகளுக்குக் கஞ்சி வகுப்பு. ஜவ்வரிசி மட்டும் வேண்டாம், யாங்கர் அடைத்துக்கொள்ளும். பட்டுத் தெரிந்தது.

அப்புறம், என்ன மருந்து கொடுத்தீர்கள்?

இரண்டாம்வருட_பிஜி:
மெல்லிய கதீட்டர்தான் மேடம். மயக்கத்துக்குக் கீட்டமின், தசையைத் தளர்த்தச் சக்சினைல்கோலின்.

கஞ்சி_டீச்சர்:
நினைத்தேன். சக்சினைல்கோலினை உடைக்கிற என்சைமைத்தான் பூச்சிமருந்து முடக்கியிருக்கும். சில நிமிடத்தில் விடவேண்டியது மணிக்கணக்கில் இழுக்கும். அதற்குப் பதில் ரோகுரோனியம், கிலோவுக்கு 1.2 மில்லிகிராம். டியூப் போட்டதும், வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டுகிற கேப்னோகிராஃபில் அலை வருகிறதா பாருங்கள். ஸ்டெத்தை மட்டும் நம்பாதீர்கள்.

கத்தி_கடைசி:
எதுவுமே நடக்காவிட்டால் கழுத்தைக் கீறி டியூப் போடுவதுதான் வழி. அதையும் பழகு. கறிக்கடையில் சொல்லிவைத்தால் ஆட்டுக் குரல்வளையை மூச்சுக்குழாயோடு தருவார்கள். மேலே கோழித்தோல் போர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே கீறவேண்டிய குரல்வளைச் சவ்வைத் தேடு. பத்தாம் நம்பர் கத்தி பிளேடு, டியூபுக்கு வழிகாட்டுகிற பூஜி என்கிற குச்சி, ஆறாம் நம்பர் டியூப், அவ்வளவுதான். நான் முதல்முறை பத்து கேட்டபோது, "சூப்பா டாக்டர், விசேஷமா?" என்றார் கடைக்காரர்.

இரண்டாம்வருட_பிஜி:
ரவை வாங்கிவிட்டேன். மோட்டார் ஹாஸ்டல் கூலரிலிருந்து கழற்றியாயிற்று. வாளி எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் மேடம்?

கஞ்சி_டீச்சர்:
10 லிட்டர். கீழே பழைய பெட்ஷீட் நாலைந்து விரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கூட்டித் துடைக்கிற அக்காவிடம் நீங்கள்தான் பேச்சு வாங்கவேண்டும்.