சொப்ட்போல் அடிக்கும்போது கால் பிழைக்கிற இடங்கள்: அனுபவப் பகிர்வு

கல்லடியிலிருந்து:
சொப்ட்போல் எண்டா நம்மட பக்கம் மென்பந்து கிரிக்கெட்டத்தான் நினைப்பாங்க. இது 12 அங்குலச் சுற்றளவுப் பந்தக் கீழ்க்கையால வீசுற ஆட்டம். கிரிக்கெட் ஆடிப் பழகின புள்ளையள் இதுக்கு வரக்குள்ள கையில குறை பெரிசா இராது, காலிலதான் இருக்கும். பந்து குத்தி எழும்புற இடத்துக்குக் கால நீட்டி வச்சுப் பழகிட்டாங்க. இங்க பந்து குத்துறதில்ல. முன்கால் பந்து வீசுற ஆள, பிச்சரப் பார்த்து நேரா ஒரு சாணுக்குள்ள, 6 முதல் 8 அங்குலம் போனாக் காணும். முழம் கணக்கா நீட்டினா தலை கீழ இறங்கும், கண்ணும் இறங்கும், வாற பந்து மேல வாற மாதிரித் தெரியும்.

நிக்கிற அகலம் தோளகலத்த விடக் கொஞ்சம் கூட. பாரம் பாதத்துட முன்பக்கத்தில. பின்னுக்குப் பாரம் எடுக்கக்குள்ள பின்முழங்கால் பாதத்துக்கு வெளியால போகாம, உள்பக்கமே நிக்கணும். வெளியால போனா திரும்பி வாறதுக்கே நேரம் போயிடும்.

பார்த்துத் திருத்த நல்ல இடம் கடற்கரை. அலை வந்து போன, கால் புதையாத ஈர மணல். மட்டைய ஒரு வீச்சு வீசச் சொல்லிப்போட்டு, புள்ளைய விலக்கித் தடத்தப் பாருங்க. சரியான வீச்செண்டா பின்கால்ல குதி அச்சு மங்கி, பெருவிரல் பக்கம் சின்னக் குழி விழுந்து, அதிலருந்து முன்னுக்கு ரெண்டு மூணு விரலளவு இழுபட்ட கோடு இருக்கும். ஆழமா வட்டக் குழி மட்டும் கிடந்தா, பாரத்தப் பின்கால்லயே வச்சிட்டுச் சுழண்டிருக்கு. 'பீடிய மிதிச்சு அணைக்கிற மாதிரித் திருப்பு' எண்டு சொல்லிக் குடுக்கிறதால வாற வினை இது. அந்தப் பேச்ச விட்டாலே பாதி திருந்தும். பாரம் முன்னுக்குப் போகணும், அதோட பின்குதி தானா எழும்பும்.

கல்முனையிலிருந்து:
கல்லடி சேர் தடத்தச் சொன்னார், நான் நேரத்தச் சொல்றன். பெண்கள் ஆட்டத்தில பிச்சர் நிக்கிற தூரம் 43 அடி. 80 கிலோமீட்டர் வேகத்தில பந்து வந்தா கையில கிடைக்கிறது 0.6 விநாடிக்கும் குறைவு. பந்து கையை விட்டாப் பிறகு கால் தூக்கினா வேலைக்காகாது. பிச்சர்ர கை மேலருந்து கீழ வரக்குள்ள பாரம் பின்னுக்கு. பந்து பாதித் தூரம் வர முதல் முன்கால் நிலத்தில.

வைக்கிற விதம் முக்கியம். முன்பாதம் முதல்ல மெதுவாத் தொடும், குதி பிறகு இறங்கும். குதி இறங்கினாப் பிறகு இடுப்பு, இடுப்புக்குப் பின்னால தோள், கடைசியில கை. காலும் இடுப்பும் ஒண்டா வெடிச்சா மட்டைக்குப் பலம் கையால மட்டும்தான் வரும். வலக்கைக்காரிட பந்து மூணாவது பேஸ் பக்கம், அதாவது பிச்சரப் பார்த்து நிண்டா இடப்பக்கம், உருண்டு உருண்டு போறத வச்சே கண்டுபிடிக்கலாம். பந்து படுற நேரம் முன்முழங்கால் இறுகி நிக்கணும். அது மடிஞ்சு முன்னுக்குப் போனா இடுப்புத் திரும்ப ஊண்டிக்கிற ஒண்டும் இல்ல.

பயிற்சிக்கு, காலே எடுக்காம, முன்கால் வச்ச நிலையிலருந்து 10 தரம் அடிக்கணும். பிறகு கால் வச்சு 10 தரம். ரெண்டும் பிவிசி குழாய் மேல வச்ச பந்துக்கு. குழாய் முன்பாதத்துக்கு நேராவோ கொஞ்சம் முன்னாலயோ நிக்கட்டும். சில பேர் ஹோம் பிளேட்டுக்கு (அடிக்கிற ஆளுக்குப் பக்கத்தில தரையில கிடக்கிற தட்டு) நடுவில வைப்பாங்க, அது பிழை.

களுவாஞ்சிகுடியிலிருந்து:
முன்கால் மூணாவது பேஸ் பக்கம் விலகுற புள்ளைக்கு என்ன செய்யிற? எத்தின தரம் சொன்னாலும் அடுத்த பந்துக்கு அதேதான்.

அக்கரைப்பற்றிலிருந்து:
டீச்சர், அது கால்ட குறை இல்ல, பயம். பந்து உடம்பில படும் எண்டு ஒதுங்குது. முதல்ல ஹெல்மெட்டப் போட்டு, 15 அடியிலருந்து டெனிஸ் பந்த மெதுவா எறிஞ்சு குடுங்க. ரெண்டு குதிக்கும் பின்னால ஒரு கயிற நேரா நீட்டி விடுங்க, மிதிச்சாத் தெரியும். மட்டைய வைக்கச் சொல்றவங்களும் இருக்காங்க, அது கணுக்கால் பிரட்டுற வேலை, வேணாம். அதுக்கும் மேல விலகினா, நிக்கக்குள்ளயே முன்பாதத்த பிளேட் பக்கம் மூணு அங்குலம் கிட்ட வைக்கச் சொல்லலாம்.

அடிக்கிற ஆள் நிக்கிற பெட்டிட அளவு 3 அடிக்கு 7 அடி. பந்து படுற நேரம் பாதம் முழுக்கக் கோட்டுக்கு வெளியால நிலத்தில இருந்தா அவுட். கோட்டில தொட்டுக்கொண்டு நிண்டாப் பரவாயில்ல. பயிற்சிக்கும் சுண்ணாம்பால பெட்டியக் கீறிப்போடுங்க, வெறும் தரையில அடிச்சுப் பழகினவங்க போட்டியிலதான் இதில மாட்டுறது.

கல்லடியிலிருந்து:
கடற்கரைக்குப் போக ஏலாட்டி ஒரு வழி. வீச்சு முடிஞ்சதும் அப்படியே மூணு எண்ணும் வரைக்கும் நிக்கச் சொல்லிப்போட்டு, அடிக்கிற ஆளுக்குப் பின்னால, பந்து பிடிக்கிற கெச்சர் இருக்கிற இடத்தில குந்திப் பாருங்க. தொப்புள் பிச்சரப் பார்க்கணும், பின்கால் சப்பாத்துட அடி முழுக்க உங்களுக்குத் தெரியணும். அடி தெரியாமப் பக்கவாட்டு மட்டும் தெரிஞ்சா இடுப்புப் பாதியில நிண்டுட்டு.