டெ, ஹெட்: டச்சில் இன்னும் உறுத்தும் ஒரு சொல்லைச் சொல்லுங்கள்

கடலோடி:
வேலைக்கு எழுதிய கடிதம் ஒன்றில் பார்த்தது: ‘அன் மோயெ ஹௌஸ்’, அழகான ஒரு வீடு. டச்சுப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆங்கில ‘the’ போல வருபவை டெ, ஹெட்; எந்தச் சொல்லுக்கு எது என்பது சொல்லைப் பொறுத்தது, ஹெட் அஃறிணைப் பாலுக்கு. இங்கே டெயும் இல்லை, ஹெட்டும் இல்லை, ஆனாலும் பிழை வெளியே வந்துவிட்டது. ஹௌஸ் ஹெட் சொல். ‘அன்’ முன்னால் வந்தால் வெறும் ‘மோய்’தான், கடைசி எ சேராது. ‘ஹெட் மோயெ ஹௌஸ்’ என்றால் சேரும். டாஃபல் (மேசை) டெ சொல், அதற்கு இரண்டிலும் ‘மோயெ’. ‘எங்கள்’ என்பதும் இப்படித்தான்: ஒன்ஸ் ஹௌஸ், ஒன்ஸெ டாஃபல்.

வேப்பமரம்:
‘ஹெட் மெய்ஸ்யெ’. சிறுமிக்குப் போய் அஃறிணையா என்று நம்மவர்கள் முரண்டு பிடிக்கும் இடம். தமிழ் பொருளைப் பார்த்துத் திணை சொல்கிறது. டச்சு இங்கே விகுதியைப் பார்க்கிறது. குறுமை காட்டும் ‘யெ’ ஒட்டினால் எதுவும் ஹெட்: டெ டாஃபல், ஹெட் டாஃபல்ட்யெ. பன்மையானால் எல்லாமே டெ. மற்றபடி முக்கால்வாசிச் சொற்கள் டெதான், தெரியாவிட்டால் டெ போட்டுவிடுங்கள்.

நெடுந்தீவு:
வேப்பமரம், அந்தக் கடைசி வரியை ஏற்க ஏலாது. வீடு, புத்தகம், பிள்ளை, தண்ணீர், வேலை, பாண் (ரொட்டி), ஜன்னல்: ஹௌஸ், பூக், கின்ட், வாட்டர், வெர்க், ப்ரோட், ராம். அத்தனையும் ஹெட். நாளெல்லாம் வாயில் வருகிறவை இவைதான். இலங்கையில் நாங்கள் கந்தோர் (அலுவலகம்) என்கிறோமே, அதன் மூலமான கன்டோரும் ஹெட்.
ஊகிப்பதென்றால் சொல்லின் வாலைப் பாருங்கள். இங், ஹெய்ட், ட்ஸி என்று முடிந்தால் டெ. இஸ்மெ என்றால் ஹெட். உம் பெரும்பாலும் ஹெட் (மூசேயும், அருங்காட்சியகம்), ஆனால் டாட்டும், அதாவது தேதி, டெ. வினையை அப்படியே பெயராக்கினால் ஹெட்: ஹெட் ஏட்டன், சாப்பாடு. கூட்டுச்சொல்லுக்குக் கடைசித் துண்டுதான் கணக்கு. ஹௌஸ் ஹெட், டூர் (கதவு) டெ, ஆகவே வீட்டுக் கதவு ‘டெ ஹௌஸ்டூர்’. சொல்லைத் தனியாக எழுதி வைக்காதீர்கள். ‘ஹெட் பூக், டிட் பூக்’ (இந்தப் புத்தகம்) என்று சுட்டோடு சேர்த்தே மனனம் செய்யுங்கள். டெ சொல்லென்றால் ‘டேஸெ டாஃபல்’ (இந்த மேசை).

மழைத்துளி:
எனக்கு உறுத்துவது ‘பட்’. ஹெட் பட் பாதை, டெ பட் தேரை. ‘ஒப் டெ பட்’ என்று எழுதினால் ஆள் தேரை மேல் நிற்கிறார்.