திருமங்கலம் பரோட்டாக் கடையை லெகோவில் கட்டுகிறேன்: அளவு, கல், கூரை மூன்றிலும் உதவி வேண்டும்

கடைசிபெஞ்சு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அப்பா திருமங்கலத்தில் 26 வருடம் பரோட்டாக் கடை வைத்திருந்தார். 2014-ல் இடத்துக்காரர் கட்டடத்தை இடித்துக் காம்ப்ளெக்ஸ் கட்டினார், கடை போயிற்று. கடையின் போட்டோ என்று எங்களிடம் இருப்பது ஒன்றுதான், அதிலும் பாதியைச் சித்தப்பாவின் தோள் மறைத்துவிட்டது. அதே 2014-ல்தான் லெகோ கம்பெனி பாரிஸ் உணவகம் ஒன்றைக் கட்டை மாடலாக வெளியிட்டது, 2469 பிளாஸ்டிக் கட்டைகள். அதை முதன்முதலில் பார்த்தபோதே எங்கள் கடைதான் ஞாபகம் வந்தது. வருகிற தையில் அப்பாவுக்கு பீமரத சாந்தி, எழுபது வயது விழா. அதற்குள் கட்டி அவர் முன்னால் வைக்க வேண்டும்.

கடை 12 அடி அகலம், 20 அடி நீளம். முன்னால் தகரச் சாய்ப்பு, உள்ளே சீமை ஓடு. வாசலை ஒட்டி இடது பக்கம் பரோட்டாக் கல், மூன்றடிக்கு இரண்டடி, கனத்த இரும்பு. கீழே விறகு அடுப்பு. அப்பா ரோட்டைப் பார்த்து நிற்பார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். அங்கிருந்து பார்த்தால் அவர் முதுகும் தோளில் கிடக்கும் துண்டும்தான் தெரியும். வெந்த பரோட்டாவை நாலைந்தாக அடுக்கி, இரண்டு கையாலும் இரு பக்கமும் அடிப்பார். அப்போது தோள்பட்டை இரண்டும் ஒன்றாக ஏறி இறங்கும். அந்த அடி சத்தத்தை வைத்தே கடையில் கூட்டமா இல்லையா என்று சொல்லிவிடுவேன்.

மாடலில் எனக்கு முக்கியம் அந்தக் கல்தான். ஆனால் எந்த அளவில் ஆரம்பிப்பது என்பதிலேயே நிற்கிறேன். கல்லை எதில் செய்வது? ஓட்டுக்கூரைக்கு என்ன வழி? இன்னொன்று, என்னிடம் உள்ள வெள்ளைக் கட்டைகள் ஜன்னலோர வெயிலில் பழுத்து மஞ்சளாகிவிட்டன. ஆன்லைனில் கிலோ கணக்கில் வாங்கிய பழைய கட்டைகளிலும் பாதிக்கு மேல் ஒன்றோடொன்று பிடிக்கவே மாட்டேன் என்கின்றன. எல்லாவற்றையும் புதிதாக வாங்க இப்போது வசதி இல்லை.

வைகைக்கரை எழுதியது:

அம்மா, முதலில் அளவை முடித்துவிடுவோம். லெகோ ஆள் பொம்மை சுமார் 4 சென்டிமீட்டர் உயரம். அப்பா ஐந்தரை அடி என்று வைத்தால் 42-ல் ஒரு பங்கு. கட்டையின் மேல் இருக்கும் ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். அந்தக் கணக்கில் உங்கள் கடை அகலம் 11 குமிழ், நீளம் 18 குமிழ் வரும். ஆனால் அப்படியே கட்டாதீர்கள். லெகோ ஆள் உயரத்துக்கு மிகவும் அகலம். உட்கார்ந்தால் கால் மடங்காது, நேராக நீட்டிக்கொள்ளும், பெஞ்சுக்கு முன்னால் அதற்கு இடம் விட வேண்டும். 16-க்கு 24 என்று போடுங்கள். 32-க்கு 32 குமிழ் பேஸ்பிளேட்டில், அதாவது அடித்தட்டில், கடை போக, முன்னால் ரோட்டுக்கும் ஒரு சைக்கிளுக்கும் இடம் இருக்கும்.

கல்லுக்கு நீங்கள் அலையவே வேண்டாம். மூன்றடிக்கு இரண்டடியை 42-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 3 குமிழ், 2 குமிழ். 2-க்கு 3 கறுப்பு டைல் என்று ஒன்றே இருக்கிறது, வழவழப்பாக, குமிழ் இல்லாமல். உங்கள் அப்பாவின் கல்லுக்கென்றே செய்தது போல. பரோட்டாவுக்கு வெளிர் பழுப்பு வட்ட டைல், 1-க்கு 1. அளவில் பெரிதுதான், ஆனால் லெகோ ஆளின் கைக்கு அதுதான் பொருந்தும். இரண்டை மட்டும் கல்லின் மேல் ஒட்டாமல் வையுங்கள், விரலால் தள்ளிப் பார்க்கலாம்.

பழைய கட்டைகளைக் குமிழ் பார்த்துப் பிரியுங்கள். அசல் கட்டையின் ஒவ்வொரு குமிழிலும் லெகோ என்று எழுத்து இருக்கும். இல்லாதவற்றைத் தரைக்கு அடியில் நிரப்பப் போடலாம், சுவருக்கு வேண்டாம்.

ஓட்டுவீடு எழுதியது:

அக்கா, கூரை பற்றி நான் சொல்கிறேன். செக்கானூரணியில் இருக்கும் எங்கள் தாத்தா வீட்டை லெகோவில் கட்டியவன். பிளேட் என்கிற மெல்லிய கட்டைகளை, ஒரு பிளேட்டுக்கு ஒரு குமிழ் என்று பின்னால் தள்ளித் தள்ளி அடுக்கினால் 22 டிகிரி சரிவு வரும், பார்க்கப் படிக்கட்டு மாதிரி இருக்கும். அதைவிட, தட்டையாக ஒரு பலகை செய்து கீல் பிளேட்டில் மாட்டுங்கள், வேண்டிய சரிவில் நிறுத்தலாம். மேலே 1-க்கு 2 டைல்கள். ஒரே நிறம் போடாதீர்கள், செம்பழுப்பும் அடர் ஆரஞ்சும் கலக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நிறமில்லாத கண்ணாடி டைல் வையுங்கள், அதுதான் நம்மூர் கண்ணாடி ஓடு. டார்ச் அடித்தால் உள்ளே பெஞ்சில் வெளிச்சம் விழும். முன் சாய்ப்புக்கு சாம்பல் நிற வரி டைல், தகரமே தான்.

கூரை முழுதும் கழன்று வரட்டும். சுவரின் மேல் வரிசையில் டைல் போட்டு, நாலு மூலையில் மட்டும் குமிழ் விடுங்கள்.

மஞ்சளான வெள்ளையைத் தயவுசெய்து வெளுக்காதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும், தெரியும். ஆனால் விறகு அடுப்புக்கு மேல் சுவர் எப்படி இருந்திருக்கும்? அடுப்புக்கு நேர் மேலே மிகவும் பழுத்தது, தள்ளித் தள்ளிக் கொஞ்சம் பழுத்தது, கடைசி பெஞ்சுப் பக்கம் நல்ல வெள்ளை.

சிம்மக்கல் எழுதியது:

பெயர்ப்பலகைக்கு 1-க்கு 8 டைல் எடுத்துக்கொண்டு ரேடியம் ஸ்டிக்கர் கடைக்குப் போங்கள். வண்டிக்குப் பெயர் வெட்டுகிற அதே மெஷின். எழுத்து 5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் புள்ளியும் சுழியும் பிய்ந்துவிடும் என்று எனக்கு அனுபவம், பெயரைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். பின்சுவரை ஏன் மூட வேண்டும்? திறந்தே விடுங்கள். ரோட்டுப் பக்கமிருந்து அப்பா முகம் தெரியும், பின்னாலிருந்து நீங்கள் பார்த்த முதுகு தெரியும்.

கடைசிபெஞ்சு எழுதியது:

சிம்மக்கல், இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுந்து போய்விட்டேன். பின்சுவர் இல்லை, முடிவு செய்துவிட்டேன்.

நேற்று ராத்திரி கல்லையும் அடுப்புச் சுவரையும் மட்டும் கட்டினேன். பழுத்த கட்டைகளை டியூப்லைட் வெளிச்சத்தில் நிறம் பார்த்து ஐந்து குவியலாகப் பிரித்தேன். ஓட்டுவீடு தம்பி சொன்னது அப்படியே சரி, புகை ஏறின சுவர்தான் அது. வைகைக்கரை அண்ணன் சொன்ன 2-க்கு 3 டைல் என் பெட்டியிலேயே ஒன்று கிடந்தது.

அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாவிடம் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே தூக்கிப் பார்த்தார். "கல்லு சரி. தண்ணி டிரம்மு அந்தப் பக்கம்ல இருந்துச்சு" என்றார். இன்றைக்கு டிரம்மை மாற்றி வைக்கிறேன்.