ரோம் இடிபாடுகளைக் காட்டும் 16ஆம் நூற்றாண்டு அச்சோவியங்களை நம்பலாமா?

கேள்வி – மைக்கறை:
ஹியரோனிமஸ் காக் 1551இல் ஆண்ட்வெர்ப்பில் வெளியிட்ட ரோம் இடிபாட்டுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொலோசியத்தை மட்டும் விடாமல் பல கோணத்தில் போட்டிருக்கிறார், சுவரெல்லாம் செடி முளைத்துக் கிடக்கிறது. இதெல்லாம் உள்ளதை உள்ளபடி வரைந்ததா, அழகுக்காகச் சேர்த்ததா? அப்புறம், முழுசாக நின்ற ரோமை யாருமே வரையவில்லையா?

பதில் – பழஞ்சுவர்:
கட்டடங்களை ஓரளவு நம்பலாம். ரோமின் பாலட்டைன் குன்றின் அடியில் செப்டிசோடியம் என்று தூண்கள் அடுக்கிய ஒரு முகப்பு இருந்தது, பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ் கட்டியது. மார்ட்டன் வான் ஹேம்ஸ்கெர்க் 1530களில் ரோமில் இருந்தபோது அதில் மிஞ்சியதை வரைந்தார், ஹியரோனிமஸ் காக்கும் அதை அச்சில் போட்டார். 1588-89இல் போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் அதை இடித்துக் கல்லை வேறு கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டார். இன்று அது எப்படி நின்றது என்று தெரிவதே பெரும்பாலும் இந்த மாதிரிப் படங்களால்தான்! ஆனால் முன்னால் நிற்கும் ஆட்கள், தூரத்து மலை, இதையெல்லாம் சாட்சியாக எடுக்காதீர்கள்.

பதில் – செப்புத்தகடு:
செடி நிஜம்தான், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ஃபோரமே அன்றைக்கு மாடு மேயும் இடம், பெயரே காம்போ வச்சினோ, அதாவது மாட்டு மைதானம். ஆனால் சுவர் அப்படிப் பொரிந்து உதிர்வது போலத் தெரிவதில் காக் கையாண்ட எட்சிங் என்ற அச்சுத்தகடு செய்யும் முறைக்கும் பங்கு உண்டு. தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு, ஊசியால் கீறினால் போதும், உலோகத்தை அரிப்பது அமிலத்தின் வேலை, அதனால் கை பேனா பிடித்தது போல ஓடும். உளியால் செம்பை நேராகச் செதுக்கும்போது அந்தத் தளர்ச்சி அவ்வளவு எளிதில் வராது. முழு ரோம் கேட்டீர்களே, ரோமில் அந்தோனியோ லாஃப்ரெரி விற்ற படங்களில் அந்த வகையும் உண்டு. எனக்கு அவை கொஞ்சம் வறட்சி.

கேள்வி – மைக்கறை:
சரி, தகட்டில் வரைந்தது தாளில் இடம் வலம் மாறித்தானே விழும்?

பதில் – பழஞ்சுவர்:
ஆமாம், அதனால் கவனமானவர்கள் தகட்டிலேயே திருப்பி வரைந்தார்கள், அடுத்தவர் அச்சைப் பார்த்து அப்படியே நகலெடுத்தவர்களிடம்தான் அடிக்கடி இடம் வலம் மாறிவிடும். கொலோசியத்தில் சோதிப்பது சுலபம். தெற்குப் பக்க வெளிச்சுவர் 1349 நிலநடுக்கத்தில் விழுந்தது, உயரமாக நிற்பது வடக்குப் பக்கம். ஃபோரம் பக்கமிருந்து பார்த்தால் உயரமான சுவர் இடக்கையிலும் கான்ஸ்டன்டைன் வளைவு வலக்கையிலும் இருக்க வேண்டும். மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

பதில் – ஈரச்சுவர்:
ஒன்று சேர்க்கிறேன். ஓவியர் வெரோனீஸ் இத்தாலியின் மாசேரில் பார்பரோ மாளிகைச் சுவர்களில் வரைந்த இடிபாட்டு நிலக்காட்சிகள் சிலவற்றுக்கு காக்கின் இந்த அச்சுகள்தான் மூலம். இத்தாலியின் இடிபாடு ஆண்ட்வெர்ப் போய், தாளில் ஏறி, திரும்ப இத்தாலிச் சுவருக்கே வந்திருக்கிறது. அதனால் வெரோனீஸ் படத்தை இன்னொரு தனிச் சாட்சியாக எண்ணிவிடாதீர்கள்.