பி6 இருக்கும் சத்து மாத்திரை லேபிள் படங்கள் தேவை

நண்பர்களே, சத்து மாத்திரைகளுக்கு அரசு அளவு வரம்பு வைப்பது வாங்குபவரின் உரிமையில் தலையிடுவதா? வைட்டமின் பி6-ஐ வைத்து இதை விளக்க ஒரு குறிப்பு எழுதிவருகிறோம். பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்ச அளவு அமெரிக்காவில் 100 மி.கி.; ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் சொன்னது 12 மி.கி. எட்டு மடங்கு வித்தியாசம்!

சிக்கல் ஒரே மாத்திரையால் வருவதில்லை. உதாரணத்துக்கு மெக்னீசியம் டப்பாவில் பி6 10 மி.கி., மல்டிவைட்டமினில் 5 மி.கி. என்று இருந்தாலே 15 ஆகிவிடும். மாதக்கணக்கில் அளவு மிஞ்சினால் நரம்பு பாதித்து விரல் நுனியும் உள்ளங்காலும் மரத்துப்போகலாம். நிறுத்திய பிறகும் சிலருக்கு முழுசாகச் சரியாவதில்லை. டப்பாவின் முன்பக்கத்தில் பி6 என்ற பெயரே இல்லாதபோது, வாங்குபவர் எதைத் தேர்ந்தெடுத்ததாகச் சொல்வது? தடை தேவையில்லை, ஆனால் முன்பக்க எச்சரிக்கை கட்டாயம் என்பதே எங்கள் நிலை.

மெக்னீசியம், துத்தநாகம், மல்டிவைட்டமின் டப்பாக்களின் பின்பக்க அட்டவணையைப் படமெடுத்துப் போடுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை என்ற வரியும் தெரிய வேண்டும். அது விடுபட்டால் கணக்கே தப்பாகும். மாத்திரையில் பி6 சேர்க்கப்படும் உப்பு வடிவமான பைரிடாக்சின் ஹைட்ரோகுளோரைடின் எடையாகப் போட்டிருந்தால் 0.82-ஆல் பெருக்கினால்தான் பி6 அளவு கிடைக்கும். மாற்றுக் கருத்து இருந்தாலும் காரணத்தோடு எழுதுங்கள், அதையும் குறிப்பில் சேர்ப்போம்.