உப்பு சேர்த்த பிறகு கைமாறிய ஒளி

டி.என்.ஏ.வில் சாயங்களைக் கோத்து ஒளியை அறுவடை செய்யும் முயற்சியில் தமக்கு நேர்ந்தவற்றை நண்பர்கள் எழுதி வருவதால், புதுச்சேரியில் ஆய்வு மாணவியாக இருந்தபோது நான் கண்டதையும் பகிர்கிறேன்.

ஒன்றுக்கொன்று பொருந்தும் 12 காரங்கள் (டி.என்.ஏ. இழையின் எழுத்துகள் போன்ற அலகுகள்) கொண்ட இரு இழைகளில், ஒன்றின் நுனியில் சை-3 (Cy3) என்ற ஒளிரும் சாயமும் மற்றதன் நுனியில் சை-5 (Cy5) சாயமும் இருந்தன. இழைகள் இணைந்து இரட்டைச் சுருளானால், காரஇணைக்கு 0.34 நானோமீட்டர் என்ற கணக்கில், சாயங்கள் ஏறத்தாழ 4 நானோமீட்டர் இடைவெளியில் எதிரெதிர் முனைகளில் நிற்கும். அப்போது 520 நானோமீட்டர் அலைநீள ஒளியை வாங்கிய சை-3 தன் ஆற்றலைப் பெரும்பாலும் சை-5க்குக் கொடுத்துவிட, 670ஐ ஒட்டிச் சிவப்பு ஒளிர்வு எழ வேண்டும். மூன்று நாள் அளந்தும் 565ஐ ஒட்டிய சை-3இன் ஒளிர்வு முகடு மட்டுமே தெரிந்தது.

தவறு என்னுடையதுதான். மாதிரி மாசுபடக் கூடாது என்ற கவலையில் இழைகளை வெறும் தூய நீரில் கரைத்திருந்தேன். இரு இழைகளின் பாஸ்பேட்டுகளும் எதிர்மின்சுமை கொண்டவை என்பதால் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தைத் தணிக்க நேர்மின் அயனிகள் இல்லாவிட்டால் இவ்வளவு குறுகிய இழைகள் சேர்ந்திருக்க மாட்டா. மரக்காணத்து உப்பளங்களை வாரந்தோறும் பேருந்தில் கடந்து வந்த எனக்கு இது தோன்றாமல் போனது இன்றும் வருத்தமே. சோடியம் குளோரைடு சேர்த்து, சூடாக்கி, மெல்ல ஆறவிட்டு அளந்தபோது சிவப்பு முகடு எழுந்தது.

பேராசிரியை மகிழ்ந்தாலும், "சை-5 நேரடியாக ஒளியை வாங்கவில்லை என்று எப்படிச் சொல்வாயம்மா?" என்று கேட்டார். சை-5 மட்டும் உள்ள மாதிரியைத் தனியே அளந்து, அதன் பங்கைக் கழித்த பின்னரே கணக்கு நேரானது. இதைத் தவிர்த்துவிட்டு ஆற்றல் கடத்தல் என்று எழுதுவது முறையன்று.

வழங்கி (ஆற்றலைத் தரும் சாயம், இங்கே சை-3) உமிழும் ஒளியை ஏற்பி (அதைப் பெறும் சாயம், இங்கே சை-5) பிடித்துக்கொள்வதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஜெர்மானிய அறிவியலாளர் ஃபோர்ஸ்டர் 1948இல் விளக்கியபடி, இந்த ஆற்றல் கடத்தல் ஒளி உமிழப்படாமலே, இரு சாயங்களின் மின் இருமுனைகளுக்கு இடையிலான இடைவினையால் நிகழ்வது. அதன் வேகம் தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், இடைவெளி இருமடங்கானால் 64இல் ஒரு பங்கே எஞ்சும். இலையில் பச்சையங்களை உரிய நெருக்கத்தில் நிறுத்துவது புரதம். இங்கே அந்த வேலையைக் காரங்களின் வரிசையே செய்கிறது.

பின்னர் 24 காரஇணைகளாக நீட்டியபோது சிவப்பு ஏறக்குறைய அடங்கிவிட்டது. நடுவில், சை-3க்கும் சை-5க்கும் இடைப்பட்ட அலைநீளத்தில் இயங்கும் சை-3.5 சாயத்தை வைத்ததும், படிப்படியாகக் கைமாறிய ஆற்றல் மறுமுனையை எட்டி, அந்த முகடு மீண்டும் எழுந்தது.